இன்னொருக்காச் சொல்லு

எழுதிக்க அம்மணி. முதல்ல எனக்குத் துரோகம் பண்ணினது கெம்பண்ணா. அஞ்சு தடவ எம்எல்ஏ, ஒரு தடவ மந்திரி, மரிகெம்பண்ணா. மத்தவங்க எல்லாம் அவருக்கு அப்புறந்தான். அந்த வரிசைய மாத்தி எழுதிப்போடாதே.

என்ன, பேனாவ மூடிட்டே? ஓ, போன்ல பதிவாகுதா. செரி, ஆகட்டும். எனக்கு எழுத்து அவ்வளவா வராது, மூணாங்கிளாஸ்தான். வாய்தான் எனக்கு.

இன்னும் மூச்சு வாங்குதே உனக்கு. நாலு மாடி இல்ல? லிஃப்டுக்குக் குழி வெட்டி வெச்சிருக்காங்க, பாத்திருப்பே. குழி வந்து பதிமூணு வருசம் ஆச்சு, லிஃப்ட் இன்னும் வரல. தண்ணி குடி. கீழ யாருகிட்ட வழி கேட்டே? குழாய்க்குப் பக்கத்துல வெத்தல போட்டுக்கிட்டு ஒரு பெரியம்மா உக்காந்திருந்துச்சா? அது பசம்மா. என்ன சொல்லுச்சு? பரவால்ல, சொல்லு. எந்தப் பழனி, பொய்ப்பழனியான்னு கேட்டுச்சா.

ம். கேட்டிருக்கும். இங்க நாலு ப்ளாக்குலயும் எனக்கு அதுதான் பேரு. ஸ்கூலுக்குப் போற பொடிசுங்க கூட, ஏய் பொய்ப்பழனி வர்றாருன்னு வழிய விடும். மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல, பாரு, வர்றாருன்னுதான் சொல்லுது.

நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். சுதர்ஷன் போன் பண்ணினாரு. அவருதான் இப்ப கெம்பண்ணாவுக்குப் பிஏ. அண்ணாவுக்கு எழுபத்தஞ்சு முடியுது, பெருசா விழா, அபிநந்தன கிரந்தம்னு பாராட்டுப் புஸ்தகம் போடறோம், முதல் எலெக்சன் படம் ஒண்ணு கூட எங்ககிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்குதாமே, ஒரு பொண்ண அனுப்பறோம், தமிழ்ப் பொண்ணுதான்னு சொன்னாரு. வரட்டும்னு சொன்னேன். கொடுக்கறேன்னு சொல்லல.

படம் இருக்குது. அந்தப் பொட்டியில, என்ற பொண்டாட்டி சேலைக்கு அடியில. காட்டறேன், அவசரப்படாதே. ஆனா அதக் கொடுக்கறதுக்கு முந்தி கெம்பண்ணா எனக்குத் தர வேண்டியது ஒண்ணு இருக்குது. சேச்சே, காசில்ல அம்மணி. காசா இருந்தா எப்பவோ மறந்திருப்பேன். அது என்னன்னு சொல்றேன், நீ போய் அப்படியே அவருகிட்டச் சொல்லோணும். அப்படியேன்னா அப்படியே. ஒரு ஆளு சொல்றத இன்னொருத்தருகிட்டக் கொண்டு போறது லேசுப்பட்ட காரியமில்ல. அதத்தான் நான் பதினாலு வருசம் பண்ணினேன்.

நீ விஜயநகரா? எத்தனாவது ஸ்டேஜ்? அட, அவரு வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. தாத்தா ரயில்வேயில வந்தவரா. அதான் தமிழ் தெளிவா வருது, நடுவுல நடுவுல கன்னடம் விழுந்தாலும். எங்களது வேற. நான் ஹனூருப் பக்கம். பதினேழு வயசுல மைசூருக்கு வந்து தேவராஜ மார்க்கெட்ல வெத்தல மண்டியில சேந்தேன். மூட்டை தூக்கத்தான் சேந்தேன். ஒரு நாளு ஏலம் கூவுற ஆளு வரல, நீ கூவுடான்னாங்க. கூவினேன். அன்னையில இருந்து மூட்டை தூக்கல. உள்ள நின்னு நான் வெல சொன்னா வெளியே சின்னக் கடியாரக் கோபுரத்தடியில நிக்கிறவனுக்குக் கேக்கும். அந்தக் கொரலு அப்படி. இப்பப் போச்சு.

கெம்பண்ணா அப்ப எம்எல்ஏ இல்ல. புதுசா நின்னாரு, தொண்ணூத்தி நாலுல. மூணு வருசம் முந்திதான் காவேரிக் கலாட்டா நடந்து முடிஞ்சிருந்துச்சு. நீ பொறந்திருக்க மாட்டே. பஸ்ல ஏறினா வாயத் தொறக்க மாட்டோம், தமிழ் வெளிய வந்துருமோன்னு. எங்க ஜனம் எல்லாம் கல்லுக்குட்டையில இருந்துச்சு. பெரிய சாக்கடைக் கால்வாய்க்கு ஓரமா, சர்க்கார் எடம், எரநூறு குடிசை. கட்டட வேலைக்கு வந்தவங்க, ஹனூரு, சேலம், தர்மபுரி. மொத்தம் அறநூத்திச் சொச்சம் ஓட்டு. எந்தக் கட்சிக்காரனும் உள்ள வர மாட்டான். தமிழன்கிட்ட ஓட்டுக் கேட்டான்னு கன்னடக்காரங்க பக்கம் பேரு கெட்டுப்போகுமேன்னு பயம்.

கெம்பண்ணா வந்தாரு. அத நான் ஒத்துக்கறேன், அவருதான் வந்தாரு. மண்டியில என் கொரலக் கேட்டுட்டு, பழனி, எனக்குத் தமிழ் வராது, நீ கூட நில்லு, நான் கன்னடத்துல சொல்றத நீ உங்க ஜனத்துக்குத் தமிழ்ல சொல்லுன்னாரு. எங்க பொம்பளைங்களுக்குக் கன்னடம் அரைகொறை. கடையில வெல கேக்கற அளவுதான் தெரியும்.

எப்படிப் பண்ணுவோம்னா, ரெண்டு மைக். அவரு ஒரு வரி சொல்லி நிறுத்துவாரு, நான் தமிழ்ல சொல்லுவேன். அவரு, தண்ணிக் கஷ்டம் எனக்குத் தெரியும்பாரு. அத அப்படியே சொன்னா யாரு கை தட்டுவா? நான் சொல்லுவேன், கொடத்த வெச்சுக்கிட்டு லாரிக்குக் காத்து நின்னே தல நரைச்சுப்போன நம்ம அக்காமாரப் பாத்துட்டு வந்து அண்ணனுக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கலைன்னு. அவ்வளவுதான், கை தட்டுப் பிச்சுக்கும். அவரு ஒரு வரி, நான் நாலு வரி. இது எல்லா மேடையிலயும் நடக்கறதுதான். துபாசி வேலையே அப்படித்தான்.

ஜெயிச்சாரு. எத்தன ஓட்டுல தெரியுமா? எரநூத்திப் பன்னெண்டு. எங்க ஜனத்த எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பாரு. அஞ்சு தடவைன்னு நீ எழுதறியே, அந்த அஞ்சுக்கும் முதல் படி கல்லுக்குட்டை.

நல்லது பண்ணலியான்னு கேட்டா, பண்ணினாரு. எழுதிக்க. குழாய் போட்டாரு, பஸ் விட்டாரு, கால்வாய்க்கு மேல பாலம் கட்டினாரு. காலைல ஏழு மணிக்கு அவரு வீட்டு வாசல்ல அம்பது பேரு நிப்பாங்க. ஆஸ்பத்திரிக்கு லெட்டர், ஸ்கூல் சீட்டுக்கு லெட்டர், போலீஸ் ஸ்டேசனுக்கு ஒரு போன். ஒருத்தரையும் சும்மா அனுப்ப மாட்டாரு. பசம்மா புருசனுக்குக் கிட்னி கெட்டப்ப பெரிய ஆஸ்பத்திரியில கட்டில் வாங்கிக் கொடுத்தது அவருதான். நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஏன் சிரிக்கறே? ஆமா, பேரு அப்படி. சிரி, சிரி.

கட்சி மாறினதையும் எழுதுவியா? எழுத மாட்டே. ரெண்டு தடவ மாறினாரு. அவருக்கென்ன, கன்னடத்துல சுத்தி வளச்சுச் சொல்லிட்டாரு. போன தடவ திருட்டுக் கட்சின்னு நான் கூவினத, அதே லாரி மேல, அதே ஜனத்துகிட்ட, நம்ம தாய் வீட்டுக் கட்சின்னு கூவோணும். முன்னாடி ஒரு கெழவி எந்திரிச்சு, ஏன் பழனி, தாய் வீட்டுல திருடினது யாருன்னு கேட்டுச்சு. நான்தான் எதையோ சொல்லிச் சமாளிச்சேன்.

மந்திரியானாரு. அவரு முதல்ல ஜெயிச்சதுக்கு இருவத்தஞ்சாவது வருச விழா நடந்துச்சு, டவுன் ஹால்ல. எனக்கு நாக்காலி இல்ல. பின்னால தூணுகிட்ட நின்னேன். வந்தவங்களுக்கெல்லாம் மைசூர்ப் பேட்டாத் தலப்பா, சால்வை, சந்தனமாலை. சுதர்ஷன் மைக்ல பேரு படிச்சாரு. என் பேரு வந்துச்சா? வரல. அப்புறம் யாரோ கேட்டதுக்கு, அவரா, மைக் செட் ஆளுன்னாரு. மைக் செட் ஆளு! பல்லக் கடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். இத எழுதிக்க.

அதுவா துரோகம்னு கேக்கறே. நாயம்தான். ஒரு நாக்காலிக்காகவா நாலு மாடி ஏறி வந்தவளப் பிடிச்சு வெச்சுப் பேசுவேன்.

ஹக்கு பத்திரம் தெரியுமா உனக்கு? சர்க்கார் எடத்துல குடியிருக்கறவனுக்கு, இந்த எடம் உன்னுதுன்னு எழுதிக் கொடுக்கற காயிதம். அந்தக் காயிதம் கையில இருந்தா எவனும் வந்து எந்திரின்னு சொல்ல முடியாது. எங்களுக்கு அதுதான் சாமி. அந்த முதல் கூட்டத்துல, லாரி மேல, ஜெயிச்ச ஆறு மாசத்துல வீட்டுக்கு வீடு ஹக்கு பத்திரம்னு வாக்கு வந்துச்சு. அதுக்கு விழுந்த ஓட்டுதான் அறநூறும். குழாய்க்கும் பாலத்துக்கும் விழுந்ததில்ல.

ஆறு மாசம் போச்சு. வருசம் போச்சு. மூணு வருசம் கழிச்சு சர்க்கார்ல இருந்து ஆளுங்க வந்தாங்க. ரிங் ரோட்டுக்கு அக்கட்ட இருவதுக்கு முப்பதடி மனை, பத்திரத்தோட, ஒரு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்துட்டுக் காலி பண்றவங்களுக்குன்னு சொன்னாங்க. அப்ப அங்க காடு. நரி ஊளையிடும். ஜனம் எல்லாம் எங்கூட்டு முன்னால வந்து நின்னுச்சு. பழனி, போலாமா, இருக்கலாமா, நீ சொல்லு. இங்கயே பத்திரம் வரும்னு நீதானே சொன்னே.

நான் கெம்பண்ணாகிட்ட ஓடினேன். அண்ணா, ஜனம் கேக்குது, பத்திரம் வருமான்னு கேட்டேன். அவரு காபி குடிச்சிட்டிருந்தாரு. ஆகத்தே பிடு, நோடோண. ஆகும் விடு, பாக்கலாம். அவ்வளவுதான். அதக் கொண்டாந்து நான் ஜனத்துகிட்ட எப்படிச் சொல்லோணும்? பாக்கலாம்கறாருன்னு சொல்லியிருக்கோணும். நான் சொன்னேன், எவனும் எங்கயும் போக வேண்டாம், பத்திரம் அச்சடிச்சிட்டிருக்காங்கன்னு.

ஒரே ஒருத்தன் போனான், சந்திரன். மேஸ்திரி. அவன் என் பேச்ச எப்பவும் கேக்க மாட்டான். இன்னைக்கு அந்த எடத்துல மூணு மாடி வீடு, கீழ ரெண்டு கடை. மத்த எல்லாரும் என் பேச்சக் கேட்டுக் கால்வாய் ஓரத்துலயே உக்காந்திருந்தாங்க. ரெண்டாயிரத்து எட்டுல கால்வாய அகலப்படுத்தறோம்னு ஜேசிபி வந்துச்சு. கோர்ட் உத்தரவு. காயிதம் இருக்கறவங்க காட்டுங்கன்னாங்க. யாருகிட்ட இருக்குது? காலைல ஆரம்பிச்சுச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. பசம்மா புருசன், டயாலிசிஸ் பண்ணிட்டு வந்தவரு, வாழைத்தாரு வண்டி மேல படுத்துக்கிட்டு அவரு வீடு போறதப் பாத்தாரு. மழைக்காலம் வந்தப்ப தகர செட்லயே அவரு உசுரு போச்சு. நாலு வருசம் எல்லாருக்கும் தகர செட்தான். அப்புறம் சர்க்கார் கட்டின இந்தப் பொந்து.

அன்னைக்கு ஜேசிபி முன்னால பசம்மா வந்து என் மூஞ்சிக்கு நேரா மண்ண அள்ளித் தூத்துச்சு. அப்பதான் எனக்கு அந்தப் பேரு வந்துச்சு. அதோட நானும் மேடைக்குப் போறத விட்டேன்.

நீ என்ன கேக்க வர்றேன்னு தெரியுது. வாக்குக் கொடுத்தது கெம்பண்ணா, தமிழ்ல சொன்னதுக்கு உங்க மேல எதுக்குக் கோவம்னு. நல்ல பொண்ணு. எல்லாரும் அப்படி நெனச்சாத் தேவல. அந்த ஜனத்தோட காதுல விழுந்தது யாரு கொரலு? என் கொரலு. கன்னடத்துல அவரு பேசினது அவங்களுக்கு வெறும் சத்தம். அவங்கள வெச்சுப் பாத்தா, ஹக்கு பத்திரம் தர்றேன்னு சொன்னவன் பழனிதான்.

செரி, அத விடு. பாப்பம்மா கதையக் கேளு. என்ற பொண்டாட்டி. நாலு வருசம் முந்தி, பங்குனியில, உக்காந்து அரிசி பொடைச்சிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. ஒரே பொண்ணு சொர்ணலதா திருப்பூர்ல, அவ வந்து சேர மத்தியானம் ஆச்சு. இந்த நாலு ப்ளாக்குல கல்லுக்குட்டை ஆளுங்க நூத்தம்பது வீடு. கதவு எல்லாம் தொறந்துதான் இருந்துச்சு. ஆம்பளைங்க வாசல்ல நின்னு பாத்தாங்க. ஒருத்தன் ஏறி வரல. பசம்மா மட்டும் வந்துச்சு. பாப்பம்மா தலையில எண்ணெ வெச்சு, மூஞ்சியத் தொடச்சு, மஞ்சப் பூசி விட்டுச்சு. போறப்ப சொல்லுச்சு, நான் அவளுக்கு வந்தேன், உனக்கு இல்ல.

லிஃப்ட் இல்ல. நாலு மாடி. எறக்கோணுமே, அம்மணி. நாலு பேரு வேணுமே. நான் ஒரு ஆட்டோ பிடிச்சு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனேன். பொணத்த வீட்டுல வெச்சுட்டுப் புருசன்காரன் ஆள் தேடிப் போனேன். மண்டியில எனக்குத் தெரிஞ்ச பழைய ஆளுங்க ரெண்டு பேரு, தெரியாத பயலுக ரெண்டு பேரு. தெரியாதவன் கேட்டான், சரக்கு எத்தனாவது மாடின்னு. நாலுன்னேன். மாடிக்கு இவ்வளவு ஆகும்னான். அவனத் தப்புச் சொல்ல முடியாது, அவன் தொழிலு. பாப்பம்மா மூட்டைக் கூலியில எறங்கிப் போனா.

கெம்பண்ணா மாலை அனுப்பினாரு. பெருசு. படியில திரும்பல, வளச்சுப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. ரிப்பன்ல அவரு பேரு கன்னடத்துல. சுதர்ஷன் போட்டோ எடுத்துட்டுப் போனாரு. அது வேணும்னா உங்க புஸ்தகத்துக்கு இருக்கும்.

அழுவாதே, கண்ணு. நான் அழுவ வெக்கறதுக்குச் சொல்லல. தண்ணி குடி. இரு, படம் எடுக்கறேன்.

இந்தா. ஓரத்தப் பிடிச்சுக்க, கலர் வெளுத்துப்போச்சு. லாரி பக்கக் கதவ எறக்கி விட்டு மேடையாக்கியிருக்கோம் பாரு. இவரு கெம்பண்ணா, தல முடி கருகருன்னு. இவன் நான். மீசையப் பாத்தியா. அவரு கை என் தோள் மேல, அவரு வாய் என் காதுல. என்ன, இதுக்கு அடியில என்ன போடறதுன்னு முன்னாலயே எழுதிக் கொடுத்திருக்காங்களா? படி கேப்போம். தமிழ்ச் சகோதரர்களுக்குத் தம் வாக்குறுதியைத் துபாசி மூலம் தெரிவித்தபோது. ஓஹோ. வாக்குறுதி. பாரு, அத இப்பவும் விடல. நல்லாருக்குதுன்னு போடறாங்க போல.

அது அப்படியில்ல, அம்மணி. அன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் சேரல. மழை தூத்தல். அவரு சாக்கடை, பாலம்னு என்னமோ சொல்லிட்டிருந்தாரு, ஜனம் எந்திரிச்சுப் போக ஆரம்பிச்சிருச்சு. பொம்பளைங்க பாதிப் பேரு முந்தானைய ஒதறிட்டு நின்னாங்க. எனக்கு மண்டிப் புத்தி. வாங்கறவன் திரும்பினா வெலையச் சொல்லி நிறுத்தோணும். வாய்ல வந்துருச்சு. ஆறு மாசத்துல வீட்டுக்கு வீடு ஹக்கு பத்திரம்னு கூவிட்டேன். அவரு ஹக்கு பத்திரத்தப் பத்தி அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் சொன்னேன்.

ஆமா. நான்தான்.

என்ன அப்படிப் பாக்கறே? பசம்மா வெச்ச பேரு தப்பில்ல. ஆனா பாதிப் பேருதான் வெச்சிருக்குது, மீதிய நான் சொல்றேன். கூவினதும் மைக்கக் கீழ எறக்கினேன். திரும்பி அவரப் பாத்தேன். தமிழ் தெரியாத மனுசன், என்னடா சொன்னேன்னு கேப்பாரு, சமாளிக்கலாம்னு நெனச்சேன். ஜனம் எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. அவரு ஜனத்தப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. கிட்ட வந்து தோள் மேல கை போட்டு, காதுல சொன்னாரு, அப்ப எடுத்ததுதான் இந்தப் படம். என்ன சொன்னாரு தெரியுமா?

இன்னொருக்காச் சொல்லு, சத்தமான்னாரு.

தமிழ்ல. சுத்தமான தமிழ். குண்டலுபேட்டைக்காரரு, அப்பா கூடலூருக்கும் சத்தியமங்கலத்துக்கும் காய்கறி லோடு ஏத்தினவரு, இந்த ஆளுக்குத் தமிழ் வராம இருக்குமா? எனக்கு அதுவரைக்கும் தோணல. கலாட்டா நடந்து முடிஞ்ச சமயம், தமிழ் பேசற ஆளுன்னு பேரு வந்தா அந்தப் பக்கம் ஓட்டு விழாது, அதுக்காக மறைச்சு வெச்சிருந்தாரு. அதுக்கு முன்னயும் சரி, பின்னயும் சரி, என்கிட்டத் தமிழ்ல பேசினது அந்த ஒரு தடவதான். நான் இன்னொருக்காச் சொன்னேன். சத்தமா. அவரு மூஞ்சியக் கல்லாட்டம் வெச்சுக்கிட்டு, கைய மட்டும் கும்பிட்டாரு.

இத நான் இங்க யாருகிட்டயும் சொல்லலியான்னு கேக்கறே. சொன்னேன். பசம்மாகிட்டச் சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா, பொய்ப்பழனி இன்னொரு பொய் கொண்டாந்திருக்கான்னுச்சு. அவருக்குத் தமிழ் தெரியாதுன்னு எரநூறு வீட்டுக்கும் மைக் வெச்சுச் சொன்னவனே நான்தானே.

அதனாலதான் சொல்றேன். எனக்கு அவரு தர வேண்டியது இதுதான். இங்க வரட்டும். மாடி ஏற வேண்டாம், கீழ குழாயடியில நின்னாப் போதும். எங்க ஜனத்துகிட்ட, மைக் வேண்டாம், துபாசி வேண்டாம், அவரு வாயால தமிழ்ல சொல்லட்டும். பழனி சொன்னான், எனக்குக் கேட்டுச்சு, எனக்குப் புரிஞ்சுது, நான்தான் இன்னொருக்காச் சொல்லச் சொன்னேன். இவ்வளவுதான். என்னைய யோக்கியன்னு சொல்ல வேண்டாம். பாதி எம்பேர்ல இருக்கட்டும், பாதிய அவரு எடுத்துக்கட்டும்.

வர மாட்டாரா? மகன் அடுத்த எலெக்சன்ல நிக்கறான், இப்பப் போய்த் தமிழ் பேசுவாரான்னு கேக்கறே. தெரியும். எனக்கும் தெரியும் அம்மணி. நீ கேட்டுத்தான் பாரேன். அப்படியே சொல்லு, ஒரு வார்த்தையும் சேக்காதே. சேத்துச் சொன்னா என்ன ஆகும்னு பாத்தே இல்ல.

இல்ல, படத்தப் போன்ல எடுக்காதே. கொடு இப்படி. அவரு வந்து வாங்கிக்கட்டும்.

போன மாசம் டாக்டர் நெஞ்சப் படம் பிடிச்சுப் பாத்துட்டு, பெரியவரே, மாடி ஏறாதீங்கன்னாரு. எறங்கறதப் பத்தி நான் கேக்கல. மார்க்கெட்ல எனக்குத் தெரிஞ்ச அந்த ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. பசம்மா மகன் ரெண்டாவது மாடியிலதான் இருக்கான், நல்ல தோளு அவனுக்கு. எதிர்க் கதவுல ஒருத்தன், கீழ ரெண்டு பேரு. என்னத் தூக்கி எறக்க நாலு பேரு இங்கயே இருக்காங்க.

பாத்து எறங்கு. கைப்பிடி மூணாவது மாடி வரைக்கும் இல்ல, செவுத்தப் பிடிச்சுக்க.